பகல் பதினோரு மணி விளக்குப்பொறி

வாங்க கண்ணுங்களா, குந்துங்க. நோட்டை அப்பறம் தெறக்கலாம், மொதல்ல மோரைக் குடிங்க. வேளாண்மைக் காலேஜ் புள்ளைங்கன்னு பாத்ததும் தெரிஞ்சிபோச்சி. மாசி வெயில்ல தொப்பி போட்டுக்கினு, கழுத்துல அட்டை மாட்டிக்கினு, வரப்புல ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடந்து வர்றது நீங்க மட்டுந்தான். எந்தக் காலேஜ்னு நான் கேக்க மாட்டன். கேட்டுட்டா யார்கிட்டயாச்சும் சொல்லித் தொலைச்சிடுவன். ஒரு காலத்துல வெவசாயம் படிக்கணும்னா கோயமுத்தூருக்கு ரயிலேறணும். இப்ப பக்கத்துல திருவண்ணாமலை ஜில்லா வாழவச்சனூர்லயே 2014லேர்ந்து காலேஜ் இருக்குது. அதனால வருசா வருசம் எங்க ஊருப் பக்கம் புள்ளைங்க வந்துக்கினுதான் இருக்குது. நல்லதுதான். கல்யாணம் காட்சி இல்லாத மாசத்துல தெருவுல நாலு புது மொகம் பாக்கறோம்.

நாலாம் வருசம் படிக்கிற புள்ளைங்க ஊர்ல போயித் தங்கி வெவசாயிகிட்டக் கத்துக்கணும்னு 1992ல ரந்தாவா கமிட்டின்னு ஒண்ணு எழுதி வெச்சிதாம். போன தடவ வந்த சாரு சொன்னாரு. எங்களுக்குக் கமிட்டின்னா அரகண்டநல்லூர்ல மல்லாட்டை, உங்க புத்தகத்துல நெலக்கடலைன்னு இருக்குமே, அந்த மூட்டைக்கு வெல போடற எடம். இந்தக் கமிட்டி வேற போல. ஆனா அவங்க எழுதுனது சரியான நாயம். கத்துக்கினு வரச் சொல்லித்தான் அனுப்பறாங்க. நீங்க பஸ்ஸு எறங்கின மறுநாளே எங்களுக்குக் கத்துக்குடுக்க ஆரம்பிச்சிடறீங்க. அம்மாடி, உங்கமேல தப்பு இல்ல, மார்க்கு அதுக்குத்தான் போடறாங்க. நான் சொல்ல வர்றது மார்க்கும் வாங்கணும், கொஞ்சம் ஏதாச்சும் தெரிஞ்சிக்கினும் போவணும்னா என்னா செய்யணுங்கறதுதான்.

மொதல் புத்திமதி. செயல்விளக்கத்தை எப்பவும் பகல் பதினோரு மணிக்கே வெய்யி. போட்டாவுல வெளிச்சம் நல்லா விழும்.

ஒரு வருசம் இப்பிடித்தான். செவப்புக் கம்பளிப் புழுவுக்கு விளக்குப்பொறி காட்டறோம்னு வந்தாங்க. மானாவாரி மல்லாட்டைக்கு அந்தப் புழு எமன். மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவாக் கெடக்கும். மொத மழை விழுந்ததும் அந்தி சாஞ்சி அந்துப்பூச்சியாக் கெளம்பி வந்து எலையில குவியல் குவியலா முட்டை வெச்சிட்டுப் போயிடும். முட்டையை விட்டா அப்பறம் புழு ஒரு கொல்லையை மொட்டை அடிச்சிட்டு வரப்பு தாண்டி அடுத்த கொல்லைக்கு ஊர்வலம் போவும். அதனால மழை பேஞ்ச அன்னிக்கே ராத்திரி ஏழு மணிக்கு மேல வெளக்கு வெக்கணும், இல்லன்னா வரப்புல நெருப்பு மூட்டணும். ஒருத்தன் வெச்சா போதாது, ஊரே வெக்கணும். இது புத்தகத்துலயும் இருக்குது, என் அப்பனும் சொன்னான். ஆனா காலேஜ் பஸ்ஸு சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பணும். அதனால பகல் பதினோரு மணிக்குப் பொறியை நட்டு, பேட்டரியை மாட்டி, பல்பைப் போட்டாங்க. பொறி மேல பல்பு எரியுது, அதுக்கு மேல சூரியன் எரியுது. சுத்தி நின்னு நாங்க கைதட்டறோம். பூச்சி ஒண்ணும் வரல. ஒரு எரும மட்டும் வந்து மோந்து பாத்துட்டுப் போச்சி. "விவசாயிகள் ஆர்வத்துடன் கண்டுகளித்தனர்"னு மறுநாள் பேப்பர்ல வந்துச்சி. எரும பேரு வரல.

சிரிக்காத கண்ணு. அந்தக் கூட்டத்துல ஒரே ஒரு புள்ள மட்டும் சாருகிட்ட, நான் இங்கயே தங்கி ராத்திரி வெச்சிப் பாக்கறன்னு கேட்டுது. எங்க ஊட்டுக் கெழவி பக்கத்துல பாயைப் போட்டுப் படுத்துது. அன்னிக்கி மழை இல்ல, பூச்சியும் பெருசா வரல. ஆனா எந்த மாசத்துல எந்த மழைக்குப் பூச்சி வந்துதுன்னு பாதி ராத்திரி வரைக்கும் எங்கிட்டக் கேட்டு எழுதிக்கினு இருந்துது. அதுக்கு எம்மாம் மார்க்கு போட்டாங்களோ. நானா இருந்தா பொறிக்குப் போடறதை விட அதுக்குத்தான் போட்டிருப்பன்.

அடுத்தது முட்டை. நெல்லு வெதைய உப்புத் தண்ணியில போட்டுப் பதரு பிரிக்கிறது நல்ல வேலை. பத்து லிட்டர் தண்ணிக்கு ஒண்ணரை கிலோ உப்பு. உப்பு போதுமான்னு பாக்க ஒரு முட்டையை விடறீங்க. முட்டை மெதந்து நாலணா அகலத்துக்கு மேல தெரியணும்னு படிச்சி வெச்சிருக்கீங்க. நாலணா காசு 2011 ஜூனோட செல்லாமப் போச்சி. உங்க புத்தகத்துல மட்டுந்தான் அது இன்னம் செல்லுது. உங்கள்ல எத்தனை பேரு அந்தக் காசைக் கண்ணால பாத்திருக்கீங்க? அதைக்கூட விட்டுடலாம். போன தடவ வந்த புள்ளைங்க பெட்டிக்கடையில முட்டை வாங்கிக்கினு வந்தாங்க. வாளியில வெறுந் தண்ணி ஊத்தி, உப்பு போடறதுக்கு முன்னாலயே முட்டையை விட்டாங்க. அது பாட்டுக்கு மெதந்துச்சி. ஒரு தம்பி நோட்டைப் பாக்கறான், முட்டையைப் பாக்கறான், திரும்ப நோட்டைப் பாக்கறான். "தாத்தா, உங்க ஊருத் தண்ணியே உப்பு போலருக்கு"ன்னான்.

ஊருத் தண்ணி மேல பழி போடாதடா. நாள்பட்ட முட்டை வெறுந் தண்ணியிலயே மெதக்கும். அன்னிக்கிப் போட்ட முட்டைதான் அடியில போயிப் படுக்கும், உப்பு கரையக் கரைய எழும்பி வரும். எங்க ஊட்டுக் கோழி அடைப்புல கைய உட்டு ஒரு முட்டை எடுத்துக் குடுத்தன். அதுக்கப்பறம் சரியா வந்துச்சி. மெதந்த வெதய அள்ளிட்டு, அடியில நின்னதை நல்ல தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசணும்னு கெழவிதான் சொன்னா. அலசாம வெதச்சா உப்பு மொளப்பைக் கெடுத்துடும். இது செயல்விளக்கத் தாள்ல இருந்துது, படிச்ச தம்பி அந்த வரிக்கு வர்றதுக்குள்ள பஸ்ஸு ஆரன் அடிச்சிட்டான்.

தெருவுல கோலப்பொடி போட்டு மேப்பு வரையறீங்களே, அதை நான் குறை சொல்ல மாட்டன். பாக்க அழகா இருக்கும். மார்கழி முடிஞ்சும் எங்க தெருவுக்குக் கோலம் கெடைக்குது. ஏரிக்கு நீலப்பொடி, கழனிக்குப் பச்சைப்பொடி, கோயிலுக்கு மஞ்சள். போன தடவ ஏரி முழுக்க நீலத்தைக் கொட்டினாங்க. நான் போயி நின்னு, "பாப்பா, நீலத்தை மிச்சம் புடி. ஏரியில பாதிக்கு மேல வேலிக்காத்தான் நிக்குது, அதுக்குப் பச்சை போடு"ன்னன். "தாத்தா, மேப்புல ஏரின்னா நீலந்தான்"னு அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையா சொல்லிட்டு நீலத்தையே போட்டுது. வருசா வருசம் ஏரி தூர்ந்து போவுது, மேப்புல மட்டும் ததும்பி நிக்குது.

அதை விட ஒண்ணு. அந்த மேப்பு தெருமுனையோட நின்னு போச்சி. காலனி வரைக்கும் போவல. பொடி தீந்துபோச்சாம். ஏன் கண்ணு, இந்த ஊருல மல்லாட்டையில களை வெட்டறது எந்தத் தெருவுக் கை? ஆயறது எந்தத் தெருவுக் கை? நெலம் எந்தத் தெருவுல இருக்குதுன்னு வரைஞ்சா பாதி மேப்பு, வேலை எந்தத் தெருவுல இருக்குதுன்னும் வரைஞ்சாத்தான் மீதி. பொடி தீந்தா எங்கிட்டக் கேளு, அரிசி மாவு தர்றன். தீராம வரைஞ்சிட்டுப் போ.

இப்ப உங்க கேள்வித்தாளுக்கு வர்றன். நாப்பது கேள்வி. "குடும்பத் தலைவர் பெயர்"னு மொதல் வரி. என் பேரைப் போடறீங்க. வெதைப் பருப்பை உடைச்சிப் பொறுக்கறது கெழவி, கொட்டை போடறது கெழவி, களைக்கு ஆள் கூப்புடறது கெழவி. திண்ணையில குந்தி பதில் சொல்றது நான். 2026ஐ உலக அளவுல பெண் விவசாயி ஆண்டுன்னு ஐக்கிய நாடு அறிவிச்சிருக்குதுன்னு பேப்பர்ல படிச்சன். கெழவிகிட்ட சொன்னன். "அந்த வருசமாச்சும் கூலி ஏத்துவாங்களா?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியாததைக் கேக்கறதுல அவ கெட்டிக்காரி. அக்டோபர் 15ல மகளிர் விவசாயி தினம் வருதாமே, அன்னிக்கி நீங்க வர்றதா இருந்தா என்னையக் கேக்காதீங்க. உள்ள போங்க, அடுப்பங்கரையில இருப்பா. இல்லன்னா கொல்லையில இருப்பா. கூட்டத்துல மட்டும் இருக்க மாட்டா.

கூட்டத்துக்கு யாரு வர்றான்னு ஒரு ரகசியம் சொல்லட்டா? நெலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு சும்மா திரியறவன் வருவான். நெலத்துல நிக்கறவன் வர மாட்டான், அவனுக்கு மோட்டாருக்குக் கரண்டு வர்ற நேரம் அது. நீங்க அறுபது பேருகிட்டக் கையெழுத்து வாங்கி "அறுபது விவசாயிகள் பயனடைந்தனர்"னு எழுதறீங்களே, அதுல பாதி பேரு பயனடைஞ்சது சாம்பார் சாதத்துல. நானும் அந்தப் பாதியிலதான் இருப்பன். ஆனா ஒரு கை பாத்துத்தான் போடறன், தெனமும் ஒரே மாரி கையெழுத்து போட்டா சந்தேகப்படுவாங்க.

கேள்வித்தாளோட கடைசியில "இடர்ப்பாடுகளை வரிசைப்படுத்துக"ன்னு ஒண்ணு வரும். எத்தனையோ வருசமா பாக்கறன், எந்தப் புள்ள வந்தாலும் மொதல் எடத்துல வர்றது "ஆள் பற்றாக்குறை". ரெண்டாவது "விலையின்மை". இந்த ரெண்டையும் கண்டுபுடிக்க நீங்க இம்மாம் தூரம் வெயில்ல வரணுமா? காலேஜ் கேன்டீன்ல டீ போடறவரைக் கேட்டாலே சொல்லுவாரு, அவருக்கும் ஊருல நெலம் இருக்கும். ஆள் பற்றாக்குறைன்னு எழுதிட்டுப் போயிடாம, எந்த வேலைக்கு, எந்த வாரத்துல, எத்தனை பேரு கொறையறாங்கன்னு ஒரு கொல்லையை வெச்சிக் கணக்குப் பாரு. களை வெட்டும் மல்லாட்டை ஆயறதும் ஒரே வாரத்துல பக்கத்து பக்கத்துக் கொல்லைங்கள்ல வந்து மோதறது தெரியும். அதை ஒருத்தரும் எழுதினதா நான் பாக்கல.

ஆராய்ச்சின்னா பெரிய மிஷின் வேணும்னு நெனைக்காத. நம்ம திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்குது இல்ல, அங்கேர்ந்து 1940ல டி.எம்.வி. 2ன்னு ஒரு மல்லாட்டை விட்டாங்க. குடியாத்தம் கொத்துன்னு வெவசாயிங்க கொல்லையில இருந்த வகையில நல்லதா நின்ன செடிங்களைப் பொறுக்கிச் சேத்து எடுத்த வெதை. பொறுக்கினதுதான் ஆராய்ச்சி. நூறு, நூத்தஞ்சி நாள்ல வந்துடும். எண்பது வருசத்துக்கு மேல ஆவுது, ஆந்திராவுலயும் கர்நாடகாவுலயும் இன்னிக்கும் அதை வெதைக்கறாங்க. அதுக்கப்பறம் 1967ல டி.எம்.வி. 7 வந்துச்சி, இன்னம் என்னென்னவோ வந்துச்சி. இந்தத் திண்டிவனம் பேரு அனந்தபூர் கொல்லையில நம்பரோட மொளச்சிக் கெடக்குது. நம்ம ஊருக்காரன் பாதிப் பேருக்கு அது தெரியாது, திண்டிவனம்னா பஸ்ஸு மாறுற எடம்னு நெனைக்கறான்.

கோயமுத்தூர்லயும் இப்பிடித்தான். பார்னெல்னு ஒரு வெள்ளைக்காரரு நெல்லு ஆராய்ச்சி பாத்துக்கினு இருந்தாரு. கோணாமணி நெல்லு வயல்ல ஒரே ஒரு செடி மட்டும் வேற விதமா, சன்னமா நின்னுச்சி. களைன்னு புடுங்கிப் போடாம தனியா எடுத்து வெச்சாரு. அதுலேர்ந்து வந்ததுதான் 1921ல விட்ட ஜி.இ.பி. 24, கிச்சிலி சம்பான்னு சனங்க ஏத்துக்கினது. அந்த ஒத்தச் செடியை அன்னிக்கி யாரும் பாக்கலன்னா அந்த நெல்லே இல்ல. அவரு கேள்வித்தாளை நிரப்பிக்கினு போயிருந்தா தாண்டிப் போயிருப்பாரு. கேள்வித்தாள்ல "ஒத்தச் செடி"ன்னு ஒரு கட்டம் இல்ல.

அதனால மல்லாட்டைச் செடிகிட்ட ஒரு அரை நாள் மண்டி போட்டு உக்காரு. பூ மஞ்சளா மேல பூக்கும். பூ வாடின எடத்துலேர்ந்து ஊசி மாரி ஒரு விழுது கெளம்பி, தலையைக் கீழ குத்திக்கினு மண்ணைத் தேடிப் போவும். மண்ணு இறுகிக் கெடந்தா முட்டிக்கினு அப்பிடியே காஞ்சிடும். பொலபொலன்னு இருந்தா உள்ள போயித் திரும்பிப் படுத்துக் காயாவும். நாப்பத்தஞ்சாம் நாளு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்றீங்களே, அதுக்கு இதுதான் காரணம். காய்க்கு வேணுங்கற சுண்ணாம்புச் சத்தை வேரு மேல ஏத்திக் குடுக்காது, காயே மண்ணுலேர்ந்து நேரா இழுத்துக்கணும். காய் இருக்கற எடத்துல ஜிப்சம் இல்லன்னா பொக்கு காய்தான். இதை விழுதோட தொட்டுக் காட்டி சொன்னா எங்க ஆளுங்க தலையாட்டாம கேப்பாங்க. நீங்க சார்ட் பேப்பர்ல அம்புக்குறி போட்டு சொல்றீங்க. அப்பறம் இன்னொண்ணு, 160 கிலோவ ஒரு தடவையாச்சும் தலையில தூக்கிக்கினு இந்த வரப்புல நடந்து பாரு. அதுக்கப்பறம் எழுது "பரிந்துரை"ன்னு.

சோதனைச் செடியை எண்ணும்போது வரப்போரம் நிக்கற செடியைப் புடுங்காதீங்க. அதுல காய் கூட இருக்கும். பக்கத்துல போட்டி இல்ல, வெயிலும் காத்தும் அதுக்கே. இல்லன்னா ஆடு மேஞ்சிருக்கும். ரெண்டுமே கொல்லையோட நெலவரம் ஆவாது. உள்ள போனா காலணியில மண்ணு ஒட்டும்னு ஓரத்துலயே பத்து செடி எடுத்துக்கினு சராசரி போட்டா, அது காலணியோட சராசரி. உங்க சோதனையில ஒண்ணும் போடாம விடற பாத்திக்குக் கண்ட்ரோல்னு பேரு வெச்சிருக்கீங்க. அதுக்குன்னு தனியா எடம் ஒதுக்க வேணாம், கெழக்கால என் பங்காளி கொல்லை முழுக்க அதுதான்.

ஆராய்ச்சிக்கு என்னா தலைப்பு எடுக்கறதுன்னு கேட்டியே பாப்பா. ஏக்கருக்கு 50 கிலோ வெதைப் பருப்பு வேணும், அந்தச் செலவுதான் எங்களைக் கடன்காரன்கிட்ட அனுப்புது. நம்ம ஊட்டுல மூட்டை கட்டி வெச்ச காய் அடுத்த பட்டத்துக்குள்ள மொளப்பு போயிடுது. சாக்குல வெக்கறதா, மண் பானையில வெக்கறதா, வேப்பெல போட்டா நிக்குமா, ஓட்டு வீட்டுல ஒரு மாரியும் தகர ஷெட்டுல ஒரு மாரியும் போவுதா? என் ஊட்டுலயும் பக்கத்து ஊட்டுலயும் வெச்சி மாசாமாசம் நூறு பருப்பை ஈரச் சாக்குல மடிச்சி மொளக்கப்போட்டு எண்ணிப் பாரு. மிஷின் வேணாம், சாக்கும் பொறுமையும் போதும். இன்னொண்ணு காட்டுப்பன்னி. ராத்திரி வந்து மல்லாட்டையை மோந்து மோந்து தோண்டிட்டுப் போவுது. பழைய சேலை கட்டறோம், அது முகூர்த்தத்துக்கு வந்தாப்புல உள்ள நுழையுது. எது எத்தனை நாளைக்குத்தான் அதை ஏமாத்தும்னு ஒரு கணக்கு எடுத்துக் குடு. பன்னிகிட்டப் பேட்டி எடுக்கற அளவுக்கு எறங்கிட்டன்னா உனக்கு டாக்டர் பட்டம் நானே குடுக்கறன்.

அப்பறம் உங்க விழா நோட்டீஸு. டிசம்பர் 5 உலக மண் தினம், டிசம்பர் 23 உழவர் தினம். மண் தினம் தாய்லாந்துல முன்னால இருந்த ராஜாவோட பொறந்தநாளாமே. கொண்டாடுங்க, நான் வேணாங்கல. ஆனா 2024ல அந்தத் தேதிக்கு எங்ககிட்ட மண்ணு இல்ல. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்துச்சி, மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையிலேர்ந்து வினாடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி தண்ணி. தென்பெண்ணையோரம் கொல்லைங்கள்ல மேல் மண்ணு வாரிக்கினு போச்சி, சில எடத்துல வெறும் மணலை மேடு கட்டிட்டுப் போச்சி. அந்த வருசம் எங்க மண்ணைக் கொண்டாடணும்னா கடலூரு முகத்துவாரத்துல போயித்தான் கொண்டாடணும். அன்னிக்கி யாராச்சும் மண் பரிசோதனைப் பையோட வந்து, மணல் மூடின கொல்லையில அடுத்து எதை வெதைக்கறதுன்னு சொல்லியிருந்தா அதுதான் எங்களுக்கு மண் தினம். தேதி டிசம்பர் இருபதா இருந்தாலும் பரவால்ல, ராஜா கோச்சிக்க மாட்டாரு.

அதனால கள விழா எங்கயாச்சும் வெக்கறதா இருந்தா என் கொல்லையில வெய்யுங்க. காலேஜ் தோட்டத்துல எல்லாமே ஜெயிக்குது, அங்க கரண்டு நிக்கறதில்ல, சம்பளத்துக்கு ஆளு இருக்குது. இங்க ஜெயிச்சிக் காட்டுங்க. தேதியை நீங்க போடாதீங்க. மல்லாட்டை எல மஞ்ச பூத்து, ஓட்டை உடைச்சா உள்பக்கம் கறுப்பு புடிச்சிருக்கும், அன்னிக்கி ஆள் விட்டு சொல்லி அனுப்பறன். காலையில ஆறு மணிக்கு வந்துடணும். மேடை வேணாம், நிழலு மட்டும் போதும். கெழவி சொல்லிட்டா, பேச வர்ற அதிகாரிங்க எல்லாம் மொதல்ல ஆளுக்கு ஒரு படி மல்லாட்டை ஆயணும், அப்பறந்தான் மைக்கு. படி அளந்துதான் கூலி, பாகுபாடு கெடையாது. துணை வேந்தரே வந்தாலும் படி ஒண்ணுதான்.

ஃபிளக்ஸ் பேனர் கண்டிப்பா அடிங்க. என் பேரு போட வேணாம், முன்னோடி விவசாயின்னும் போட வேணாம். நல்ல கனமான துணியில, இருவது அடி நீளத்துக்கு அடிங்க. விழா முடிஞ்சதும் கழட்டி மடிச்சி இங்கயே வெச்சிட்டுப் போங்க. ஆய்ஞ்ச காயைக் களத்துல காயப்போட ஆவும். பயப்படாதீங்க, உங்க சார் மொகம் இருக்கற பக்கத்தைக் கீழ போட்டுக்கறன்.